ஒசாகா எனக்குப் புதிதல்ல

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரி ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது. எழுதத் தகுந்த சம்பவம் எதுவும் சாத்தூரில் நடக்கவில்லை. இன்று நடந்திருக்கிறது.

காலை பத்தரைக்கு என் தங்கை கனகமணி, செல்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தீச்சட்டி எடுத்து வருகிறவளைப் போல வந்தாள். வீடியோவில் அவள் மகள் இந்துமதி. ஜப்பானில் ஒசாகா என்கிற மாநகரத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் கௌதமன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். (அவனைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னதே நான்தான். அப்போது அவன் யாரென்று எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.) கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அக்டோபர் பன்னிரண்டு என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

"மாமா, போன தடவை நாலாம் மாசத்துல அப்படி ஆனப்ப என் பக்கத்துல ஒருத்தரும் இல்லை. இந்தத் தடவை அம்மா இருந்தே ஆகணும். ஆனா தனியா வரமாட்டேங்கிறா."

"திருச்செந்தூருக்கு அந்தால நான் எங்கடி போயிருக்கேன்? விருதுநகர்ல இறங்குன்னா கள்ளிக்குடியில இறங்குறவ நான்" என்றாள் கனகமணி.

"அதான் மாமா இருக்காரே. முன்னாடியே இங்க வந்துட்டுப் போனவராச்சே."

இந்த இடத்தில் ஒரு சரித்திரக் குறிப்பு தேவை. 1989ல் எங்கள் மில்லுக்கு ஜப்பானிலிருந்து நூல் சுற்றும் மெஷின் வாங்கினார்கள். மொத்தம் ஐம்பத்திரண்டு பெட்டி. அதைக் கொண்டுவர ஒரு தகுதியான ஆள் வேண்டுமென்று நிர்வாகம் இந்தியா முழுவதும் தேடி, கடைசியில் ஸ்டோரில் இருந்த என்னைத் தேர்ந்தெடுத்தது. இருபத்தாறு நாள் ஊரில் நான் இல்லை. திரும்பி வந்தபோது என் கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. அன்று முதல் நான் வெறும் தனுஷ்கோடி இல்லை, ஜப்பான் தனுஷ்கோடி. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுகிறார்கள்.

"ஒசாகா எனக்குப் புதுசா? நம்ம மெயின் ரோடு மாதிரி" என்றேன்.

கனகமணி அழுதேவிட்டாள். "நீங்க கூட வர்றதா இருந்தா நான் நிலாவுக்கும் வருவேன்ணே."

என் மனைவி சௌந்தரம் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ச் சாக்கடை குத்த ஆரம்பித்தாள். பொறாமையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

எனக்கும் கனகமணிக்கும் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாயிற்று. "இதற்குமுன் பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா?" என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று போட்டேன். பழையதைக் கரையான் அரித்துவிட்டது. கரையான் தின்றதை இருந்ததாக எப்படி எழுத முடியும்? அரசாங்கத்திடம் பொய் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தினம் நாலு மணிக்குக் கனகமணிக்கு வகுப்பு. நாற்பது பக்க நோட்டும் பென்சிலுமாக வந்துவிடுகிறாள். இன்றைய பாடம், மரியாதை. ஜப்பானில் ஒருவரைப் பார்த்தால் பதிமூன்று தரம் குனிய வேண்டும், சம்பந்தி என்றால் பதினேழு என்றேன். தெருவில் தும்மக் கூடாது, தும்மினால் போலீஸ் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகும். சூரியன் அங்கேதான் முதலில் உதிப்பதால் மாவு சீக்கிரம் புளித்துவிடும், ஆகையால் உளுந்தைக் குறைத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். உளுந்துக்கு மட்டும் அடிக்கோடு போட்டாள்.

"நீங்க தங்கியிருந்த இடம் எப்படிண்ணே இருந்துச்சு?"

அதை நான் நேற்றுப் பார்த்தது போலச் சொல்ல முடியும். மாடியில் மூன்றாவது அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கப்பல் சங்கு ஊதினால் தண்ணீர் டம்ளர் நடுங்கும். விடிகாலையில் பள்ளிவாசல் பாங்கு. கீழே பரோட்டாக் கடை. கொஞ்ச தூரத்தில் சிவப்புக் கட்டடமாக ஹைகோர்ட், அதன் உச்சியில் கலங்கரை விளக்கம். உலகத்திலேயே கோர்ட்டுக்கு மேல் லைட் ஹவுஸ் வைத்தவன் ஜப்பான்காரன்தான்.

"ஒசாகாவுல பள்ளிவாசல் இருக்காண்ணே?"

"உலகத்துல எங்கதான் இல்லை?"

"பரோட்டா?"

"அவங்க அதை வேற பேர்ல சொல்வாங்க."

சௌந்தரம் உள்ளேயிருந்து இருமினாள். அவளுக்கு இருமல் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ரயிலில் டிக்கெட் கொடுக்க வெள்ளைக் கோட்டுப் போட்ட டி.டி.ஆர். வருவார், என் பெயரைச் சொன்னால் போதும் என்று நேற்றுச் சொல்லியிருந்தேன். இன்று இந்துமதி அனுப்பிய வீடியோவில் மனிதனே இல்லை. கதவு ஒன்று அட்டை பட்டதும் திறக்கிறது.

"டி.டி.ஆர். எங்கண்ணே?"

"நான் வந்த பிறகு மாத்திட்டாங்க."

இந்தப் பதில் எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை. என் சிநேகிதன் தவசிலிங்கமும் கூட வந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறான்; ஊரில் பிறந்தநாள், பூப்பு, மறைவு எல்லாம் அவன் கையால்தான் தெருவுக்கு வர வேண்டும். "வெளிநாடு போயிருக்கீங்களா?" என்று ஏட்டு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தவசிலிங்கம், "சார், இவரு பேரே ஜப்பான் சார்" என்றான். ஏட்டு மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரு மட்டும்தானா?" என்று சிரித்தார். நகைச்சுவை உள்ள மனிதர்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. என் படம் மந்திரி மாதிரி இருக்கிறது. கனகமணி படம் மந்திரியிடம் மனுக் கொடுக்க வந்தவள் மாதிரி.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் பால் வாங்கப் போனவன் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டேன். இருபதடிக்குப் பத்தடி ஃபிளெக்ஸ். "இரண்டாம் முறையாக ஜப்பான் நாட்டுக்கு வெற்றிப் பயணம் மேற்கொள்ளும் எங்கள் அண்ணன் ஜப்பான் தனுஷ்கோடி அவர்களே! சென்று வருக! வென்று வருக!" எனக்குப் பின்னால் பனிமலை. தோளுக்கு மேல் புல்லட் ரயில். கீழே ஒரு மூலையில், முட்டை வடிவத்துக்குள் கனகமணி. அதற்கும் கீழே வாழ்த்துவோர் பட்டியலில் முப்பத்தேழு பேர் படம். அதில் இரண்டு பேர் இறந்து போனவர்கள்.

எனக்கு இந்த விளம்பரமெல்லாம் அறவே பிடிக்காது. தவசிலிங்கமாகச் செய்தது. கூலிங்கிளாஸ் போட்ட படம்தான் நன்றாயிருக்கும் என்று நான் அதை அனுப்பிவைத்தது பொதுவான அபிப்பிராயத்துக்காக.

சௌந்தரம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "விசா வாங்கலை. வாழ்த்து வாங்கியாச்சு."

செப்டம்பர் 3, செவ்வாய்

மதுரையில் டிராவல்ஸ் ஆபீஸ். பர்வீன் என்றொரு பெண். முப்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுகிறாள்.

ஜப்பான்காரர்களுக்கு நாம் அங்கே ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறோம் என்று அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். முதல் நாள் நகரப் பிரமுகர்களுடன் சந்திப்பு. இரண்டாம் நாள் மில்களைப் பார்வையிட்டு ஆலோசனை வழங்குதல். மூன்றாம் நாள் பனிமலை...

"சார், பிள்ளை பெறுற வீட்டுக்குத்தானே போறீங்க?"

"ஆமா."

"அப்ப, 'மகள் வீட்டில் தங்குதல், ஆஸ்பத்திரி'ன்னு எழுதுறேன். முப்பது நாளும் அதே."

சப்பென்று இருந்தது. பிறகு அவள் இன்னொரு தாளைத் திருப்பினாள்.

"முன்னாடி ஜப்பான் போயிருக்கீங்களா?"

"எண்பத்தொம்பதுல" என்றாள் கனகமணி, என்னைவிடப் பெருமையாக.

"அப்ப எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைன்னு எழுதணும் சார். பழைய பாஸ்போர்ட் காப்பி இருந்தா நல்லது. ரெண்டு மனுவும் ஒண்ணாப் போகுது. தப்பா ஒண்ணு எழுதி மறுத்துட்டாங்கன்னா, இதே காரியத்துக்கு ஆறு மாசம் திரும்பப் போட முடியாது. பாத்துக்கோங்க."

கனகமணி விரல்விட்டு எண்ணினாள். ஆறு மாசம் என்றால் மார்ச். பிள்ளைக்கு அப்போது தலை நின்றிருக்கும்.

"அண்ணன் சரியாச் சொல்லிருவாரும்மா. அவருக்கு அங்க தெருத் தெருவா மனப்பாடம்."

தேதியை வீட்டில் பார்த்துச் சொல்வதாக இரண்டு நாள் அவகாசம் வாங்கிவந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

செப்டம்பர் 4, புதன்

பர்வீன் கொடுத்தனுப்பிய மனு நகலில், "இதற்குமுன் ஜப்பானில் தங்கிய தேதிகள்." அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டே கால் அங்குலம்.

மாதிரிக்கு ஒரு துண்டுத் தாளில் மார்ச் 1989 என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. சௌந்தரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணமான ஆறாம் மாசம். நாலு கடுதாசி போட்டீங்க. நாலுலயும் மெட்ராஸ் முத்திரை."

"ஜப்பான் தபாலெல்லாம் மெட்ராஸ் வழியாத்தான்..."

"இன்லேண்டு லெட்டருங்க."

நான் விசிறியின் ஸ்விட்சைச் சரிபார்த்தேன்.

"ஏன் இத்தனை வருஷமா வாயைத் திறக்கலைன்னு கேக்கலையா?" என்றாள். "ஜப்பான்காரர் வீட்டம்மான்னு எந்த விசேஷத்துக்குப் போனாலும் முன்வரிசையில உக்கார வச்சாங்க. நானும் உக்காந்தேன். அது எனக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. இது இந்துமதி வயித்துல இருக்குற பிள்ளை விஷயம்."

கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பர்வீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "தேதி கிடைச்சுதா சார்?"

தண்ணீர் குடித்தேன். இன்னொரு தரம் குடித்தேன்.

"இல்லைன்னு போடும்மா."

"தேதி இல்லைங்களா?"

"போனதில்லை."

கனகமணி குறுக்கே விழுந்தாள். "ஏம்மா, அவர் போயிருக்காரு. வயசாச்சுல்ல, மறந்துட்டாரு. எண்பத்தொம்பதுல, பங்குனி மாசம். பெட்டியெல்லாம் கொண்டுவந்தாரே! ஊரே பாத்துச்சு. நீ போயிருக்காருன்னே எழுது."

"போகலை கனகு. மெட்ராஸ் வரைக்கும்தான் போனேன்."

அந்த ஆபீஸில் ஏ.சி. சத்தம் இவ்வளவு என்று அதுவரை கவனிக்கவில்லை. பர்வீன் தலையைக் குனிந்து 'இல்லை' என்று தட்டினாள். ஒரு தட்டுத்தான். நான் ஸ்டோரில் முப்பது வருஷம் ஆயிரம் பதிவு எழுதியவன். ஒரு வார்த்தை இவ்வளவு சீக்கிரம் எழுதி முடிந்ததைப் பார்த்ததில்லை. இரண்டு மனுவையும் உறையில் போட்டு அப்போதே அனுப்பிவிட்டாள்.

பஸ்ஸில் கனகமணி ஜன்னல் சீட்டில் அவளே உட்கார்ந்தாள். கள்ளிக்குடி வந்ததும், வெளியே பார்த்தபடி:

"அப்ப அந்தப் பதிமூணு தரம் குனியுறது?"

"அது வந்து... குனிவாங்க. எண்ணிக்கை மட்டும்..."

"உளுந்து?"

"உளுந்து நானாச் சொன்னது."

"கோர்ட்டு மேல லைட் ஹவுஸ்?"

"அது உண்மை. ஆனா மெட்ராஸ்ல."

ஆகவே நான் உள்ளதைச் சொன்னேன். ஐம்பத்திரண்டு பெட்டியும் மெட்ராஸ் துறைமுகத்தில் காகிதம் சரியில்லாமல் நின்றுபோனது. ஆள் ஒருவன் காவலுக்கு வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். மண்ணடியில் ஒரு லாட்ஜில் இருபத்தாறு நாள். ஊருக்கு வந்து இறங்கியதும் பெட்டி மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ ஜப்பானா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றது பெட்டியைப் பற்றி. அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். திருத்துவதற்குத் தோதான சந்தர்ப்பம் பிறகு அமையவில்லை.

விருதுநகரில் கடலை விற்கிறவர் ஏறினார். கனகமணி கடலை வாங்கி, நோட்டிலிருந்து பாடங்களைக் கிழித்து அதில் கொட்டிச் சாப்பிட்டாள். எனக்குத் தரவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

கனகமணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை; சௌந்தரத்திடம் சொன்னாள்.

"வழி தெரிஞ்சவருன்னு நம்பிப் புறப்பட்டேன் மதினி. இப்ப ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிட்டுல்ல போகணும்? நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா என் பிள்ளை தன்னைப் பாப்பாளா, எங்களைத் தேடுவாளா? அவளுக்கு நான் பாரமாப் போய் நிக்கவா?"

"இந்துமதிகிட்ட என்ன சொல்வே?"

"விசா கிடைக்கலைன்னு சொல்லிருவேன்."

"பொய்யா?"

"எங்க குடும்பத்துக்குப் பழக்கம்தானே."

மத்தியானம் இந்துமதி பேசினாளாம். அழுதாளாம். அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் கேட்டிருக்கும், நிறுத்தவில்லை.

செப்டம்பர் 7, சனி

நேற்றுப் போகும்போது கனகமணி ஒரு வார்த்தை சொன்னாள். "முதல்ல அந்த போர்டை இறக்குங்க. பாக்கப் பாக்க வயிறு எரியுது." ஆகவே தவசிலிங்கத்தின் கடைக்குப் போனேன். நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தவசி, அந்த ஃபிளெக்ஸை எடுத்துரு."

"ஏண்ணே? எழுத்து சின்னதா இருக்கா?"

"நான் ஜப்பானே போனதில்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தவசிலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியது.

"பாத்துக்கோங்கடா. போயிட்டு வந்த மனுசன், போகலைங்கிறாரு. நம்ம ஊருல துபாய் ஏர்போர்ட்டுல பிளேன் மாறினவன்லாம் துபாய்க்காரன்னு போட்டுக்கிறான். இதுக்குப் பேருதாண்டா தன்னடக்கம்!"

"டேய், நெசமா மெட்ராஸோட சரிடா. மண்ணடியில இருந்தேன்."

"ஜப்பான்ல மண்ணடி மாதிரி ஒரு இடம்னு முன்னாடி சொன்னீங்களே, அதுதானே?" என்றார் டீ குடித்தவர்.

சத்தியம் செய்தேன். கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஃபிளெக்ஸ் மாறிவிட்டது. இப்போது முப்பதடி. என் பெயருக்கு மேலே "தன்னடக்கத்தின் சிகரமே!" என்று சேர்த்திருக்கிறார்கள். பனிமலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கனகமணி படத்தைப் புல்லட் ரயில் மறைத்துவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

பர்வீன் கூப்பிட்டாள். போட்டோ அளவு சரியில்லையாம். இருவரும் புதுப் படம் கொண்டுவர வேண்டும். விசா கிடைக்கவில்லை என்று சொன்னது மெய்யாக, முதலில் விசா மறுக்கப்பட வேண்டும் அல்லவா, வா என்றேன். கனகமணி வந்தாள். நான் ஒரு மாதிரி பேசிப் பார்த்தேன்.

"கனகு, எனக்குத் தெரியாது, சரி. உனக்கும் தெரியாது. கேட்டுக் கேட்டுப் போயிருவோம்."

"கேட்டா?" நின்றுவிட்டாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டின் நட்டநடுவில். "என்னைக்காவது ஒருத்தர்கிட்ட ஒண்ணு தெரியாதுன்னு நீங்க கேட்டிருக்கீங்களா? என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீடு எங்கன்னு கேக்காம, தாம்பாளத்தோட வேற வீட்டுக்குள்ள போனவருல்ல நீங்க?"

"அந்த வீட்டுலயும் நல்லாத்தான் கவனிச்சாங்க."

"அந்தா நிக்காருல்ல, அவர்கிட்டப் போய்ப் பெரியார் நிலையத்துக்கு எந்த பஸ்னு கேளுங்க."

"எனக்குத் தெரியுமே!"

"தெரிஞ்சாலும் கேளுங்க. எனக்குப் பாக்கணும்."

அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பக்கத்தில் போய் நின்றேன். "வெயில் ஜாஸ்தி" என்றேன். அவர் ஆமாம் என்றார். கனகமணி பின்னாலிருந்து முறைத்தாள்.

"பெரியார் நிலையத்துக்கு... எந்த பஸ்ல போகணும்?"

"ஊருக்குப் புதுசா?" என்றார்.

அறுபத்தொரு வயதில், அறுபதாயிரம் தரம் வந்துபோன மதுரையில் நின்றுகொண்டு, "ஆமாங்க" என்றேன். அவருக்கு ஒரே உற்சாகம். எந்த பஸ், எங்கே நிற்கும், எந்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறும், பர்ஸை எந்தப் பையில் வைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார். நடுவில் சிம்மக்கல்லைப் பற்றித் தப்பாக ஒன்று சொன்னார். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். கனகமணியைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம், "வெளியூர்க்காரர், பாத்து இறக்கிவிடுங்க" என்றும் சொன்னார்.

பஸ் கிளம்பியதும் கனகமணி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அடங்கவில்லை.

"சரி, போவோம்" என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இரண்டு விசாவும் வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று முன்பு சொன்னதை, தாமதம்தான் என்று கனகமணி இந்துமதியிடம் மாற்றிச் சொல்லிவிட்டாள். இருபத்தெட்டாம் தேதி திருச்சியிலிருந்து விமானம். சிங்கப்பூரில் மாற வேண்டும். இந்துமதியிடம் தினமும் கேட்டுக் கனகமணி புது நோட்டில் எழுதிவைக்கிறாள். இப்போது வகுப்பு அவளுடையது. நான் பென்சில் சீவிக் கொடுக்கிறேன். இந்துமதியிடம் என் விஷயத்தை அவள் சொல்லவில்லை. "பிரசவம் முடியட்டும். அவ சிரிச்சா இப்பவே வலி எடுத்துரும்" என்கிறாள்.

செப்டம்பர் 25, புதன்

பெட்டி கட்டியாயிற்று. பிரசவ லேகியம், பெருங்காயம், உரித்த பூண்டு, சுக்கு, மூன்று கிலோ காராச்சேவு. காராச்சேவு யாருக்கென்று கேட்டாள் சௌந்தரம். நகரப் பிரமுகர்களுக்கு என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள். ஒசாகா

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் விமானம் இறங்கியதும் கனகமணியின் போனில் கௌதமனின் குரல். குறித்த நாளுக்கு முன்னதாகவே இந்துமதிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், அவளை விட்டு வர முடியவில்லை, நீங்களே வந்துவிடுங்கள், வழி அனுப்பியிருக்கிறேன் என்றான். கனகமணி போனைக் கொடுத்தாள். நான் பார்த்தேன். டென்னோஜி என்று ஓர் இடத்தில் ரயில் மாற வேண்டும் என்பது வரை புரிந்தது. அதற்குமேல் கோடுகளாக இருந்தது.

கனகமணி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே, எல்லாம் தெரியும் வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இந்த டைரிக்கு மட்டும் சொல்கிறேன்.

"இரு, கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

முதலில் தகவல் மேஜைப் பெண். அவள் தாளில் ரயிலின் படமே வரைந்து கொடுத்தாள். அடுத்து பிளாட்பாரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஓர் ஊழியர். போனைக் காட்டினேன், அவர் எங்களை எந்தப் பெட்டியில் ஏற வேண்டுமோ அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ரயில் கடலுக்கு மேல் பாலத்தில் போனது. கனகமணி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நான் தைரியமாக இருந்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது வேறு காரணம்.

டென்னோஜியில் மாட்டுத்தாவணியைப் பத்தால் பெருக்கிய கூட்டம். எல்லாரும் ஏதோ ஒரு திசைக்கு, சத்தமே இல்லாமல். ஒரு வயதானவரை நிறுத்தினேன். என்னைவிடக் குள்ளம், கையில் கீரைக்கட்டு. "அய்யா, ஊருக்குப் புதுசு" என்றேன், தமிழில்தான். போனை நீட்டினேன். படித்தார். ஆஸ்பத்திரி என்பது புரிந்திருக்க வேண்டும். கனகமணியைப் பார்த்தார், அவள் கையில் இருந்த லேகிய டப்பாவைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் ஓடினோம். இரண்டு மாடிப்படி, ஒரு நடைபாலம், அடுத்த ரயிலின் வாசல் வரை. அங்கே நின்று நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் முழுவதும் கேட்டேன். அவர் குனிந்தார். நாங்கள் குனிந்தோம். அவர் மறுபடி குனிந்தார். கதவு மூடும் வரை இது நடந்தது. நானாகச் சொன்னதில் ஒன்று உண்மைக்குப் பக்கத்தில் வந்ததே என்று கனகமணியைப் பார்த்தேன். "எண்ணாதீங்க" என்றாள்.

கடைசியில் இறங்கிய இடத்தில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மாள். அவள் கை காட்டிய இடத்தில் ஆஸ்பத்திரி நின்றுகொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்கு எதிரேதான்.

கனகமணி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். "அம்மா" என்று இந்துமதி கத்திய சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. இங்கே ஃபேன் இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

இன்று காலையில் கௌதமன் காபி கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு நாள் தூங்காத கண்.

"நீங்க இல்லாட்டி அத்தை வந்து சேர்ந்திருக்க முடியாது. இங்க பிறந்து வளர்ந்தவங்களே டென்னோஜியில வழி தவறுவாங்க. உங்களுக்குப் பழைய பழக்கம், அதான்."

கனகமணி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். காபி சூடாக இருந்தது.

"பழக்கமெல்லாம் இல்லை மாப்பிள்ளை. நான் இந்த ஊருக்கு வர்றது இதுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டு வந்தோம். பதினோரு பேர்கிட்டக் கேட்டேன்."

கனகமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு பேர்தான்.